தம்பலகாமத்து வரம்பில் ஒரு காலை

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் எங்கள் கடல் குளம்போல அடங்கிக் கிடக்கும் என்பதால், மே தொடங்கிச் செப்தெம்பர் வரை நிலாவெளி வீதியில் சுற்றுலா வான்கள் வரிசைகட்டி நிற்கின்றன. திருகோணமலைப் பட்டினத்தில் குடியிருப்பவனுக்குத் தன் ஊரிலேயே கால் வைக்க இடமில்லை. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாத்தீவுக்கு உறவினரை அழைத்துச் சென்றபோது, முருகைக்கற்களை, அதாவது பவளப்பாறைகளைப் பார்க்க வந்தவர்கள் அவற்றின் மீதே ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து விருந்தாளிகளைப் படகடியில் இறக்கிவிட்டு, நான் எதிர்த்திசையில் பேருந்து ஏறிவிடுகிறேன்.

பட்டினத்திலிருந்து ஏறத்தாழ 24 கிலோமீற்றர் தென்மேற்கே இருக்கிறது தம்பலகாமம். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் இந்த வயல்வெளிக்கும் பட்டினத்து மலைமேல் இருக்கும் கோணேசர் என்னும் சிவன் கோயிலுக்கும் பழைய உறவு உண்டு. அக்குளத்தைக் குளக்கோட்டு மன்னன் கட்டி, அதன் கீழ் விளைந்த நெல்லைக் கோயிலுக்கென்று விட்டான் என்பது எங்கள் ஊரில் வழிவழியாக வரும் பேச்சு. வரலாற்றாசிரியர்கள் அநுராதபுரத்து அரசர்களின் பெயரைச் சொல்வார்கள், அந்த வழக்கை நான் தீர்க்கப் போவதில்லை. போர்த்துக்கேயர் மலைக்கோயிலை இடித்தபின் கோணநாயகர் தம்பலகாமத்தில்தான் ஆதிகோணநாயகராகக் குடிகொண்டார் என்றும் சொல்வார்கள். கோணேசர் மலையில் செருப்பு வைக்க இடம் தேடும் கூட்டத்தில் எத்தனை பேர் இந்தக் கோயிலைத் தேடி வருகிறார்கள்?

சென்ற ஆடியில் ஒரு காலை, ஆறரை மணிக்கே வரம்பில் ஏறிவிட்டேன். சிறுபோக வேளாண்மை, அதாவது கோடை நெற்பயிர், முழங்காலுக்கு மேல் நின்றது. பெரியவர் ஒருவர், கட்டியிருந்த சாரத்தை மடித்துச் செருகிக்கொண்டு, வரம்பில் தண்ணீர் பாய வெட்டிய வாயான வக்கடையை மண்வெட்டியால் ஒரு சாண் அளவுக்குத் திறந்தார். தண்ணீர் முதலில் தயங்கி, பின் நுரையும் சருகுமாக அடுத்த பாத்திக்குள் புகுந்தது. உடனே கொக்குகள் வந்து இறங்கின. அவர் என்னை ஏதோ கந்தோரிலிருந்து வந்த ஆள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"ஆர் தம்பி, தண்ணி பாக்கவோ வந்தனீங்கள்?"

"இல்லை ஐயா, சும்மா ஊர் பாக்க வந்தனான்."

"இஞ்ச பாக்க என்ன கிடக்கு?"

அவர் கேட்டது கேலியாக அன்று, உண்மையான வியப்போடுதான். பதில் சொல்லத் தெரியாமல் நின்ற என்னிடம், தம் முறைத் தண்ணீர் பத்து மணிக்கு முடிந்துவிடும் என்றும், மேல்வயற்காரர் இரவில் வக்கடையை ஒரு விரலளவு கூடுதலாகத் திறந்துவிடுகிறார் என்றும் அரை மணி நேரம் முறையிட்டார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சுற்றுலா வழிகாட்டி எவரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

பதினொரு மணிக்கு மேல் அங்கே திரிவதில் பயனில்லை. கச்சான் முகத்தைச் சுடும், ஊரும் வீட்டுக்குள் ஒதுங்கிவிடும். நான் பிந்திவிட்டேன், பகல் பேருந்தோ நேரத்துக்கு முன்பே போய்விட்டது. கண்டி வீதி வரை நடந்து, ஒரு கடையில் எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றை வாங்கி, அதை மடியில் வைத்துக்கொண்டு நிழலில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். வீடு சேர்ந்தபோது விருந்தாளிகளும் புறாத்தீவிலிருந்து வெயிலில் சிவந்து திரும்பியிருந்தார்கள். சட்டி ஐந்து நிமிடத்தில் காலியாயிற்று. பெரியவர் ஆவணி வெட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார், மேல்வயற்காரருக்கு முன்னால் ஒரு சாட்சி தேவைப்படலாம் என்று.