அளவு நாடாவும் ஓட்டோகாட்டும்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஒரு மாடி வீட்டின் படிக்கட்டில் இருந்து தொடங்குகிறேன். ஆறு மாதக் கணினி வரைபடப் பயிற்சியை முடித்து, ஒரு கொந்தராத்துக்காரரிடம் படவரைஞராகச் சேர்ந்த மூன்றாவது மாதத்தில் நான் வரைந்த படிக்கட்டு அது. கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் இடையே உயரம் 10 அடி 6 அங்குலம். வேறொரு வீட்டுக்கென வரைந்து சேமித்திருந்த படிக்கட்டுப் படத்துண்டு (பிளாக்) ஒன்றை அப்படியே எடுத்துவந்து பொருத்தினேன். அதில் 15 படி உயர்வுகள் இருந்தன. திரையில் அது குறையில்லாமல்தான் தெரிந்தது. மேசன் படத்தைக் கையில் வாங்கினார். சீமெந்துப் பையின் ஓரத்தைக் கிழித்து அதிலே கணக்குப் போட்டார். 126 அங்குலத்தை 15 ஆல் வகுத்தால் ஒவ்வொரு படியும் 8.4 அங்குலம் உயரும். "பிள்ளை, இந்தப் படியில வீட்டுக்கார அம்மம்மா ஏறமாட்டா" என்றார். படி 7 அங்குலம் உயர வேண்டுமானால் 18 உயர்வுகள் தேவை; அவற்றுக்கு இடையே கால் வைக்கும் மிதிகள் 17 வரும்; மிதி ஒன்றுக்கு 10 அங்குலம் வைத்தாலும் நேரே ஏறும் படிக்கு 14 அடி 2 அங்குல நீளம் வேண்டும். நான் விட்டிருந்ததோ 12 அடி. நடுவில் ஒரு தட்டு வைத்துப் படியைத் திருப்பி, அதற்காகப் பக்கத்து அறையைச் சுருக்கி, முழுத்தளத்தையும் மீண்டும் வரைந்தேன்.

சித்தியின் மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, கணினியில் கட்டடப் படம் வரையும் மென்பொருளைப் பற்றி, "அக்கா, நான் ஓட்டோகாட் படிக்கட்டுமோ?" என்று கேட்டபோது இந்தப் படிக்கட்டைத்தான் அவளுக்கு முதலில் சொன்னேன். கட்டளைகளை மனப்பாடம் செய்ய ஒரு மாதம் போதும். கோடு வரையவும், வெட்டவும், சமதூரத்தில் நகலெடுக்கவும் எவரும் பழகிவிடலாம். ஆனால் திரையில் இழுக்கும் இரண்டு இணைகோடுகள் 6 அங்குலச் சீமெந்துக் கல்லும் அதன் இருபுறப் பூச்சும் சேர்ந்த ஒரு சுவர் என்பதை அறியாதவர், கதவு நிலைக்கு விடவேண்டிய இடைவெளியில் பூச்சின் தடிப்பை மறந்துவிடுவார். பிறகு தச்சரும் மேசனும் ஒருவரையொருவர் குறைசொல்லிக்கொண்டு நிற்பார்கள்.

கணினியில் வரைவது நேற்று வந்த வித்தையல்ல. ஐவன் சதர்லண்ட் 1963இல் ஒளிப்பேனாவால் திரையில் கோடு போடும் முறையைத் தம் ஆய்வில் செய்து காட்டினார். ஓட்டோகாட் 1982இல் வெளிவந்தது. அதற்கு முந்திய தலைமுறைப் படவரைஞர்கள் ஊடுதெரியும் வரைதாளில் மைப்பேனாவால் வரைந்து, பிழைவிட்ட கோட்டைச் சவர அலகால் சுரண்டி அழித்தார்கள். ஒரு கோடு போடுமுன் அவர்கள் எவ்வளவு யோசித்திருப்பார்கள் என்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழிலைப் படிப்பவருக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. அதைப் பாடத்திட்டங்கள் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் கருத்து. காணி உறுதியில் பரப்பு, குழி என்ற நில அளவுகள் இருக்கும், நில அளவைப் படம் மீற்றரில் வரும், பொறியியலாளரின் கம்பி விபரம் மில்லிமீற்றரில் வரும், மேசனோ அடியும் அங்குலமும்தான் பேசுவார். ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது 2722.5 சதுர அடி, ஏறத்தாழ 253 சதுர மீற்றர். இவை நான்கும் ஒரே கோப்பில் சந்திக்கும்போது, அலகை முதலில் தீர்மானிக்காமல் வரையத் தொடங்கினால், வேறொரு கோப்பிலிருந்து கொண்டுவந்த கதவுப் படம் ஒன்று வீட்டைவிடப் பெரிதாக வந்து நிற்கும். அது கண்ணில் படும் பிழை என்பதால் ஆபத்தில்லை. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர் என்பதை 25 என்று சுருக்கிப் போடும் பழக்கம்தான் கண்ணுக்குத் தெரியாமல் கெடுக்கும்: 40 அடி நீளமான ஒரு சுவரில் அது 192 மில்லிமீற்றர் குறைவைத் தரும். ஏழரை அங்குலம், ஒரு சுவரின் தடிப்பளவு!

ஆகவே பயிற்சி நிலையத்துக்குப் போகுமுன் ஒரு பழைய வீட்டை அளந்துவருமாறு அவளிடம் சொன்னேன். எங்கள் அம்மம்மாவின் நாற்சார் வீடு, முற்றமும் விறாந்தையும் கெடாமல் இன்னும் நிற்கிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய அதன் சுவர்களை அளந்தபோதுதான், மூலைகள் எல்லாம் செங்கோணம் என்று நம்பி வரையக்கூடாது என்பது அவளுக்கு விளங்கியது. ஓர் அறையின் நான்கு சுவர்களை மட்டும் அளந்தால் அதன் வடிவம் நிலைக்காது. மூலைவிட்டம் ஒன்றையேனும் அளக்க வேண்டும், இரண்டையும் அளந்தால் பிழை தெரிந்துவிடும். பிறகு கணினியில் ஒரு சுவரை வரைந்து, அதன் ஒரு முனையில் அடுத்த சுவரின் நீளத்தையும் மறு முனையில் மூலைவிட்டத்தின் நீளத்தையும் ஆரையாகக் கொண்டு இரண்டு வட்டங்கள் போட்டால், அவை வெட்டும் புள்ளிதான் மூன்றாவது மூலை. எங்கள் சாமி அறை மூன்று அங்குலம் சரிந்திருப்பது அப்படித்தான் தெரியவந்தது. வட்டம் என்ற கட்டளை எதற்கென்று அவளுக்கு இனி ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

அவள் வளவில் கிணற்றையும் மலசலகூடக் குழியையும் குறித்திருந்தாள். அயல் வளவின் கிணற்றைக் குறிக்கவில்லை. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக நீர் ஓடும் இந்த மண்ணில் குழியின் கழிவு அயல் கிணற்றையும் சேரக்கூடும் என்பதால், பக்கத்து வீட்டுக் கிணறு எங்கே இருக்கிறது என்பதும் நம் படத்துக்குள் வரவேண்டிய செய்திதான். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து அதையும் அளந்து குறித்தோம்.

படிப்பு வழிகளைப் பொறுத்தவரை, சான்றிதழில் தேசிய தொழிற்தகைமையின் (NVQ) எந்த மட்டம் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்கு நிகரானது. மட்டம் குறிக்காத சான்றிதழோடு மேற்படிப்புக்குப் போவது கடினம். கட்டடக்கலைஞராக வர விரும்புபவர் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் உளச்சார்புப் பரீட்சைக்கும் ஆயத்தமாக வேண்டும். படவரைஞர் பயிற்சி அதற்கு ஈடாகாது. மென்பொருளுக்குத் திருட்டுப் பிரதி தேவையில்லை: தகுதியுள்ள மாணவர்களுக்கு ஓட்டோகாட்டை வெளியிடும் ஓட்டோடெஸ்க் நிறுவனம் ஓராண்டு அனுமதியை இலவசமாகத் தருகிறது, அதைப் புதுப்பிக்கவும் முடியும், லிப்ரகாட் என்ற வரைபட மென்பொருள் எவருக்கும் இலவசம். ரெவிற் போன்ற முப்பரிமாண மென்பொருள்களில் சுவரே ஒரு பொருளாகி, தன் தடிப்பையும் உயரத்தையும் தானே வைத்திருக்கும். வெளிநாட்டு வேலைகளை எண்ணுபவர்கள் அதையும் கற்கத்தான் வேண்டும், ஆனால் இரு பரிமாணப் படத்தைத் தடுமாறாமல் வாசிக்கப் பழகிய பிறகு.

அவளுடைய வகுப்பு வருகிற திங்கட்கிழமை தொடங்குகிறது. அம்மம்மா வீட்டின் குசினியும் அதற்குப் பின்னாலுள்ள தாழ்வாரமும் இன்னும் அளக்கப்படவில்லை. சனிக்கிழமை காலையில் நாடாவின் மறுமுனையைப் பிடிக்கத் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.