மக்கள் மனதில் இருக்கும் இடங்களை மேப்பில் ஏற்றிய அனுபவம்

ஒரு குடியிருப்புப் பகுதியில் மக்கள் எங்கே நிம்மதியாக நடக்கிறார்கள், எந்த இடத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறார்கள், எங்கே சற்று நேரம் உட்காரத் தோன்றுகிறது? இதை அங்கே வாழ்பவர்களிடமே கேட்டு டிஜிட்டல் மேப்பில் பதிவு செய்யும் வேலையை நாங்கள் சிலர் சேர்ந்து செய்து முடித்தோம். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

யோசனை பழையதுதான். பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் மக்களிடம் பேசி, மனதில் இருக்கும் நகரத்தை வரையச் சொல்லி, அதில் கண்டதை 1960-இல் வெளியிட்டார் அமெரிக்க நகரத் திட்டமிடல் அறிஞர் கெவின் லிஞ்ச். அந்தக் கைப்படங்களில் ஒருவர் ஒரு தெருவை அளவுக்கு மீறி நீளமாக இழுத்திருந்தால், அந்த நீளமே ஒரு செய்தி. டிஜிட்டல் மேப்பில் தெருக்கள் ஏற்கெனவே சரியான அளவில் இருப்பதால் அந்தச் செய்தி வராது. பதிலுக்கு, எத்தனை பேர் குறித்தாலும் எல்லாவற்றையும் ஒரே மேப்பில் அடுக்கிப் பார்க்கலாம். இழந்ததை ஈடுகட்ட, ஒவ்வொரு குறிக்கும் "ஏன்?" என்று கேட்பதைக் கட்டாயமாக்கினோம். கடைசியில் அதிகம் பயன்பட்டது அந்தப் பதில்கள்தான்.

கேள்வி பொதுவாக இருந்தால் பதிலும் பொதுவாகத்தான் வரும். "இந்தப் பகுதி எப்படி?" என்றால் "பரவாயில்லை" என்பார்கள். "இருட்டிய பிறகு தனியாகப் போகத் தயங்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள்" என்றால் விரல் நேராக அங்கே போகும். அப்புறம் எந்த நேரத்தில், எதனால் என்று தொடரலாம்.

கேள்விப் படிவத்துக்கு, களத்தில் தகவல் சேகரிக்க உதவும் கோபோ டூல்பாக்ஸ் மென்பொருளை எடுத்துக்கொண்டோம். புள்ளி, கோடு, பரப்பு மூன்றையும் அதில் குறிக்கலாம். இணையம் இல்லாத இடத்திலும் பதிவு செய்துவிட்டுப் பிறகு அனுப்பலாம். ஆனால் போன் திரையில் பரப்பு வரைவது பலருக்குச் சிரமம். அதனால் புள்ளி மட்டும் வைக்கச் சொல்லி, "இந்த இடம் மட்டுமா, தெரு முழுக்கவா?" என்று கேட்டோம். ஒருவர் வைத்த குறி அடுத்தவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டோம். பட்டால் அதையொட்டியே அடுத்த குறிகளும் விழும்.

ஜூம் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த இணைய மேப்பில் ஜூம் எண் கூடக் கூட இடம் பெரிதாகத் தெரியும். ஜூம் 12-இல் திரையின் ஒரு பிக்சல் சுமார் 38 மீட்டர் (நிலநடுக்கோட்டுக் கணக்கு). ஜூம் 18-இல் அரை மீட்டருக்குச் சற்று அதிகம். விரல்நுனி 40 பிக்சலை மறைக்கிறது என்று வைத்துக்கொண்டால், முதல் நிலையில் ஒன்றரை கிலோமீட்டர், இரண்டாவதில் 24 மீட்டர். சேமிக்கப்படும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இரண்டிலும் ஒரே மாதிரி துல்லியமாகத் தெரியும். ஆகவே நன்றாகப் பெரிதாக்கிய பிறகே குறிக்கச் சொல்லுங்கள்.

மேலிருந்து பார்த்துப் பழகாதவர்களுக்கு மேப் குழப்பம்தான். தினமும் கடக்கும் ஒரு சந்திப்பை முதலில் கண்டுபிடிக்க வைத்தால், அங்கிருந்து மீதி இடங்களை அவர்களே பிடித்துக்கொள்கிறார்கள். போன் இல்லாத முதியவர்களுடன் டேப்லெட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தோம். லிங்க் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் இவர்கள் குரல் மேப்பில் ஏறியிருக்கவே ஏறியிருக்காது.

குறிகளை க்யூஜிஐஎஸ் என்ற மேப் மென்பொருளில் போட்டபோது ஒரு விளையாட்டுத் திடலின் மேல் புள்ளிகள் குவிந்தன. இளைஞர்களுக்கு அது மிகப் பிடித்த இடம். அதே திடலைப் பெண்கள் பலர் மாலைக்குப் பிறகு தவிர்க்கும் இடமாகக் குறித்திருந்தார்கள். எல்லாப் புள்ளிகளையும் சேர்த்து ஒரே வெப்பப்படம் (புள்ளிகள் நெருங்கிய இடத்தை அழுத்தமான நிறத்தில் காட்டும் படம்) போட்டால் "மக்கள் அதிகம் குறித்த இடம்" என்பதோடு கதை முடிந்துவிடும். உணர்வுகளைக் கூட்டி சராசரி போடக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நேரம், வயது, பாலினம் வாரியாகப் பிரித்ததும் இரண்டு வேறு திடல்கள் தெரிந்தன. "விளக்கு இருக்கிறது, ஆனால் வெளியே போக ஒரே வழி" என்று ஒருவர் எழுதிய காரணம், விளக்கை மட்டும் பேசிக்கொண்டிருந்த எங்களை வேறு கோணத்தில் யோசிக்க வைத்தது.

வெப்பப்படத்தில் இன்னொன்று: ஒவ்வொரு புள்ளியின் தாக்கமும் எவ்வளவு தூரம் பரவும் என்பதைச் சொல்லும் ஆரத்தை 50 மீட்டரிலிருந்து 300 மீட்டராக்கினால் படமே மாறிவிடும். அதனால் எங்கள் படத்தை முடிவாக எடுத்துக்கொள்ளாமல், அச்செடுத்து மக்களிடமே காட்டினோம். ஒரு தெரு ஏன் சிவப்பாக இருக்கிறது என்று அவர்கள் விளக்கிய பிறகுதான் அறிக்கை எழுதினோம்.

மூலப் புள்ளிகளை வெளியிடவில்லை. ஒருவர் குறிக்கும் இடங்களை வைத்தே அவர் வீட்டை ஊகித்துவிடலாம்; "பயமான இடம்" என்ற பெயர் அங்கே குடியிருப்பவர்களையும் ஒட்டிக்கொள்ளும். பகுதியைக் கட்டங்களாகப் பிரித்து, போதுமான பேர் குறித்த கட்டங்களை மட்டும் காட்டினோம். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு மேப்புகள் கொடுத்தோம், மக்கள் சொன்ன காரணங்களை அவர்கள் வார்த்தைகளிலேயே பக்கத்தில் சேர்த்து. திடலுக்கு இரண்டாவது வழி திறந்ததும் இதே கேள்விகளோடு, இதே ஜூம் அளவில் மறுபடி கேட்கப் போகிறோம்.