கிராஷ் வரியின் தொடக்கத்தில் இருந்த பெயர்

சென்ற வாரம் ஒரு பழைய ஐபோன் செயலியின் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. ஆப்பிளின் செயலி உருவாக்கும் மென்பொருளான எக்ஸ்கோடில் புராஜெக்ட்டுக்கும், அதிலிருந்து எந்தச் செயலி உருவாக வேண்டும் என்பதைக் குறிக்கும் டார்கெட்டுக்கும் புதுப்பெயர் வைத்தேன். பில்ட் சிக்கலின்றி முடிந்தது. ஆனால் கணினியிலேயே ஐபோனைப் போல இயங்கும் சிமுலேட்டரில் முதல் திரை வருவதற்குள் செயலி கிராஷ் ஆனது. 'நாட் கீ வேல்யூ கோடிங்-கம்ப்ளையன்ட்' என்னும் பழகிய வாசகமும், அதன் முடிவில், திரையிலுள்ள ஒரு லேபிளைக் கோடோடு இணைக்கும் அவுட்லெட்டின் பெயரும், பிழைச் செய்திகள் வரும் கன்சோலில் இருந்தன.

கோடில் அவுட்லெட்டின் பெயரை மாற்றிவிட்டு, திரைகளை வரைந்து அமைக்கும் ஸ்டோரிபோர்டில் பழைய இணைப்பை அப்படியே விட்டால் இந்தப் பிழை வரும் என்பதால், எல்லா அவுட்லெட்டுகளையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன். அரை நாள் வீணானது. பெயர்கள் சரியாகவே இருந்தன.

நான் பார்க்கத் தவறியது அதே வரியின் தொடக்கத்தை. கோண அடைப்புக்குள், அந்தத் திரையை இயக்க நான் கோடில் எழுதிய கிளாஸின் பெயர் இருந்திருந்தால் அவுட்லெட்டைச் சந்தேகிப்பது நியாயம். அங்கே இருந்ததோ வெறும் 'யுஐவியூகன்ட்ரோலர்', திரைகளுக்கு ஆப்பிள் தரும் பொதுவான கிளாஸ். சில வரிகளுக்கு மேலே 'அன்னோன் கிளாஸ்' என்ற குறிப்பும் இருந்தது.

ஸ்டோரிபோர்டு என்பது உண்மையில் எக்ஸ்எம்எல் என்னும் எழுத்துவடிவக் கோப்பு. ஒவ்வொரு திரைக்கும் உரிய கிளாஸின் பெயரும், அந்தக் கிளாஸ் அடங்கிய கோடுத் தொகுதியான மாட்யூலின் பெயரும் அதில் வெறும் எழுத்துகளாகவே பதிந்திருக்கின்றன. ஸ்விஃப்ட் மொழியில் எழுதிய கிளாஸின் முழுப்பெயரில் மாட்யூலும் அடங்கும் என்பதால், டார்கெட்டோடு மாட்யூலின் பெயரும் மாறியபோது பழைய பெயரில் தேடிய கிளாஸ் கிடைக்கவில்லை. அப்போதே நின்றிருந்தால் நல்லது. செயலியோ அந்த இடத்தில் பொதுவான யுஐவியூகன்ட்ரோலர் ஒன்றை உருவாக்கிவிட்டு, அதில் இல்லாத லேபிளை இணைக்கப்போய் விழுந்தது.

எக்ஸ்கோடின் ஐடென்டிட்டி இன்ஸ்பெக்டர் பகுதியில், மாட்யூலை டார்கெட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளச் சொல்லும் 'இன்ஹெரிட் மாட்யூல் ஃப்ரம் டார்கெட்' என்பதை ஒவ்வொரு திரைக்கும் டிக் செய்தேன். செயலி ஓடியது. ஆனால் ஒரு திரையை விட்டுவிட்டிருக்கிறேன்: செயலியைப் பற்றிய விவரத் திரை. அதில் அவுட்லெட்டே இல்லை. ஆகவே கிராஷும் இல்லை. திரை ஏற்றப்பட்டதும் இயங்கும் வியூடிட்லோடு என்ற பகுதியில் எழுதியிருந்த பதிப்பு எண் மட்டும் தலைப்பில் வரவில்லை என்பதை இரண்டு நாள் கழித்தே கவனித்தேன். இம்முறை ஸ்டோரிபோர்டை 'சோர்ஸ் கோட்' ஆகத் திறந்து பழைய மாட்யூலின் பெயரைத் தேடினேன். அந்தத் திரையின் வரியில், 'கஸ்டம்மாட்யூல்' என்பதற்கு எதிரே, அது அப்படியே இருந்தது.