கட்டுநாயக்க சர்வதேச விமான நிலையத்தில் இறங்கி இரத்மலானை விமான நிலையத்தில் உள்நாட்டு விமானம் ஏறுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

போன மாதம் தம்பி டோஹாவிலிருந்து வந்தான். யாழ்ப்பாணத்தில் கட்டிக்கொடுத்த தங்கச்சியின் மகளுக்கு அன்று பின்னேரம் சடங்கு, தாய்மாமன் வராமல் தண்ணீர் வார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள், அவனுக்கோ அதற்கு முந்தி லீவு கிடைக்கவில்லை. அதனால் விடியற்காலை 4.40க்குக் கட்டுநாயக்கவில் இறங்கி, இரத்மலானையில் 8.30க்கு யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் போகிற விமானத்தைப் பிடிப்பது என்று நான்தான் டிக்கெட் போட்டேன், எனக்கும் சேர்த்து.

இரண்டுமே கொழும்புதானே என்று நினைத்தேன். வரைபடத்தில் ஒன்றுக்கு நேர் தெற்கே மற்றது, நேர்கோட்டில் 40 கிலோமீட்டர். ஹட்டனில் இருக்கிற நாங்கள் நுவரெலியாவுக்கு எத்தனை கட்டை என்று கேட்க மாட்டோம், எவ்வளவு நேரமாகும் என்றுதான் கேட்போம். கீழே சமதரை என்றதும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

இரவு 11 மணிக்கு வேனில் புறப்பட்டோம். கினிகத்தேனையில் நல்ல மூடுபனி, கித்துல்கல தாண்டிய பிறகுதான் வேகம் பிடிக்க முடிந்தது, ஆனாலும் 3.30க்கெல்லாம் கட்டுநாயக்க வந்துவிட்டோம். விமானமும் சொன்ன நேரத்துக்கு இறங்கியது. ஆனால் குடிவரவு வரிசை, அப்புறம் பெட்டிகளுக்குக் காத்திருப்பு என்று தம்பி வெளியே வரும்போது மணி 6. இந்த 80 நிமிடத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

நேர் வழி என்றால் அதிவேகப் பாதையில் பேலியகொடை வரை 25.8 கிலோமீட்டர், அது சீக்கிரம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பேஸ்லைன் வீதியும் காலி வீதியும் இருக்கின்றன, பள்ளிக்கூடமும் ஒபிஸும் தொடங்குகிற நேரம். "உள்ளுக்குப் போனா மாட்டிக்குவோம் தங்கச்சி" என்று சொல்லி டிரைவர் அண்ணன் கெரவலப்பிட்டியில் வெளிச்சுற்று வட்டப் பாதைக்குத் திருப்பினார். தூரம் கூடத்தான், ஆனால் கொட்டாவை வரை எங்கும் நிற்கவில்லை. அங்கே இறங்கிப் பிலியந்தலை பக்கமாக வந்ததில்தான் நெரிசல், எனக்கு வயிற்றைப் பிசைந்தது, தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. இரத்மலானை வாசலில் நிற்கும்போது 7.45. அந்த அண்ணன் இல்லையென்றால் விமானம் போயிருக்கும்.

அங்கே விமானப்படை முகாமும் இருப்பதால் வாசலிலேயே அடையாள அட்டை பார்க்கிறார்கள், அதற்கும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சின்ன விமானம், எடைக் கட்டுப்பாடு கடுமை. தம்பியின் பெரிய பெட்டியை வேனிலேயே ஹட்டனுக்குத் திருப்பி அனுப்பினோம், சீர் சாமான் மட்டும் எங்களோடு வந்தது.

இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதை மறக்காதீர்கள், முதல் விமானம் பிந்தி இரண்டாவதைத் தவறவிட்டால் காசு போனது போனதுதான். காலையில் இறங்குகிறவர்கள் குறைந்தது 5 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

இரத்மலானையிலிருந்து பலாலி 300 கிலோமீட்டருக்கும் மேல், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் எடுத்தது. வாசலில் மச்சான் நின்றிருந்தார், தம்பி சீர்ப் பையை அவர் கையில் கொடுத்துவிட்டு அப்போதுதான் சிரித்தான்.