நான் பாத்துட்டேன்மா

"முகம் வேணாம் சார், கால் மட்டும் காட்டுங்க. இடது கால்ல சுண்டுவிரல் இருக்காது, சுகர்ல எடுத்துட்டாங்க."

சுடுகாட்டுல வேலை பாக்குற என்கிட்ட அந்தப் பொண்ணு இவ்வளவுதான் கேட்டா. பாடி இருந்த பையோட டேக்ல வயசு 67ன்னு போட்டிருந்தாங்க, அவங்கப்பாவுக்கு 57. பேரு சரிதான், ஆனா அந்தப் பேரு எங்க ஊர்ல தெருவுக்கு ரெண்டு பேருக்கு இருக்கும். இனிஷியல் இருந்த இடத்துல கிருமி சாக அடிக்கிற ஹைப்போ தண்ணி பட்டு மை கலைஞ்சுபோச்சு, அடிச்சு அடிச்சு எல்லா டேக்கும் அப்படித்தான் இருக்கும்.

வார்டுல அவசரத்துல எழுதியிருப்பாங்கம்மான்னேன். அவ நகரல. பின்னாடி நாலு வண்டி நிக்குது, எவனோ ஹாரன் அடிக்கிறான். அப்பதான் சொன்னேன், "நான் பாத்துட்டேன்மா, உங்கப்பாதான்."

நான் பாக்கல. அவங்கப்பா முகமே எனக்குத் தெரியாது, நான் பாத்திருந்தாலும் அவர்தான்னு எப்படிச் சொல்ல முடியும், இது அவளுக்கும் தெரியாமலா இருந்திருக்கும். இருந்தும் தலையாட்டிட்டுத் தள்ளி நின்னுட்டா. அந்தத் தலையாட்டல்தான் இத்தனை வருஷம் கழிச்சும் தூங்கப் போறப்ப வருது.

2021 மே மாசம். 10ஆம் தேதியிலிருந்து முழு ஊரடங்கு, 21ஆம் தேதி மாநிலம் முழுக்க ஒரே நாள்ல கொரோனா தொற்று 36 ஆயிரத்தைத் தாண்டுச்சு, அந்த வாரம் இது. ரெண்டு மேடைல ஒன்னு ரிப்பேர், ஒரு பாடிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். சுடுகாட்டுல பையைத் திறக்கக் கூடாதுன்னு மேல இருந்து வாய்வார்த்தையா சொல்லியிருந்தாங்க, நாங்களும் ஏன்னு கேக்கல. ஏன்னா முந்தின வருஷம் சென்னையில கொரோனாவுல இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் உடம்பை அடக்கம் பண்ண விடாம ஆம்புலன்ஸையே அடிச்சு நொறுக்கினது எங்க எல்லாருக்கும் மனசுல இருந்துச்சு. தடுத்தா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்னு அதுக்கப்புறம் அவசரச் சட்டம் வந்துச்சுதான், ஆனா சுத்தி இருக்கிற தெருக்காரங்க மொட்டைமாடில நின்னு பாத்துக்கிட்டே இருப்பாங்க, பையைத் திறந்ததை ஒருத்தன் வீடியோ எடுத்துப் போட்டான்னா மறுநாள் ஒரு வண்டி உள்ள வராது, அப்புறம் அந்த நாலு வண்டிக்காரங்க நிலைமை என்ன? இதையும் நான் யோசிக்கணும்ல.

ஜூலைல கொஞ்சம் ஓஞ்சப்புறம் ஃபைல் அடுக்கும்போதுதான், மத்திய சுகாதாரத் துறை 2020 மார்ச்ல அனுப்பின வழிமுறையை முழுசாப் படிச்சேன். மயானத்துல ஊழியரே பாதுகாப்போட முகப்பக்கம் ஜிப்பைத் திறந்து, சொந்தக்காரங்களுக்குக் கடைசியா ஒரு தடவை காட்டலாம்னு போட்டிருக்கு. தொடாம மந்திரம் படிக்கலாம், தீர்த்தம் தெளிக்கலாம், சாம்பலால ஒரு ஆபத்தும் இல்லன்னு எல்லாமே இருக்கு. ஒரு வருஷத்துக்கு மேல எங்க பீரோக்குள்ளயே கிடந்திருக்கு அந்தப் பேப்பர்.

முகம்னுதானே போட்டிருக்கு, காலுன்னு போடலியேன்னு அன்னிக்கு ராத்திரி வீட்ல சொன்னேன். கால் வரைக்கும்னா பை முழுசும் திறக்கணும், அதனால விதிப்படியும் நான் செஞ்சது சரிதான்னு. வீட்டுக்காரி ஒன்னும் சொல்லல, சோத்தைப் போட்டுட்டு உள்ள போயிட்டா. அந்தப் பொண்ணு ஏன் காலைக் கேட்டான்னு அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. முகத்துகிட்டதான் கிருமி இருக்கும், திறக்கிறவங்களுக்கு ஒன்னும் ஆகிரக் கூடாதுன்னு நினைச்சிருக்கா. அப்பா முகத்தைப் பாக்குற ஆசையை எங்களுக்காக விட்டுட்டு நின்னிருக்கா அந்தப் பிள்ளை.

பாடி மாறிப்போச்சுன்னு எந்தக் குடும்பமும் வரல. அதனால அவர்தான்னு முக்கால்வாசி நம்புறேன். ஆனா யாருக்குமே பையைத் திறந்து காட்டலைன்னா புகார் எங்கேருந்து வரும்? மாறியிருந்தா அந்தக் குடும்பமும் வேற யாரோட சாம்பலையோ ஆத்துல கரைச்சுட்டு நிம்மதியாத்தானே இருக்கும்.

தகனத்துக்கு மறுநாள் காலைல அந்தப் பொண்ணு தனியாத்தான் வந்தா. அண்ணன் வார்டுல, அம்மா வீட்ல தனிமைல. மண் கலயத்துல சாம்பலை வாங்கி, அப்பாவோட பழைய கைலியைக் கிழிச்சு வாயைக் கட்டினா. ஒரு முடிச்சு, அதுக்கு மேல இன்னொரு முடிச்சு. நிமிராமலே கேட்டா, "காலையும் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்மா."

"விரல் இல்லல்ல?"

"இல்லம்மா."

அவளுக்கு அப்போதைக்கு அதுதான் வேணும்னு நினைச்சுத்தான் சொன்னேன், இப்பவும் சில நாள் அது சரின்னுதான் படுது. ஆனா ஒன்னு இருக்கு. மயான ரிஜிஸ்டர்ல வயசுன்னு ஒரு கட்டம் உண்டு, டேக்ல இருக்கிறதை அப்படியே எழுதணும். முந்தின நாள் தகனம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் நான் அதுல 57ன்னு எழுதினேன்.