கொலராடோ மலையில் எல்க் கறி சுமந்த கதை

கொலராடோவில் எல்க் மான் கறி சுமந்த கதையை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். டென்வர் ஆபீஸில் கேட்டவர்கள் எல்லோரும் எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டது, என்ன துப்பாக்கி, கொம்பில் எத்தனை கிளை என்றுதான் விசாரித்தார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு, வெள்ளகோவில் பக்கம் கொறங்காட்டில் செம்மறி மேய்க்கும் என் மாமாவிடம் சொன்னேன். கிளுவை வேலியில் ஆடு புகுந்த ஓட்டையை அடைத்துக்கொண்டே கேட்டவர், "தூக்கிட்டு வர முடியாத எடத்துல எதுக்கு மாப்ள சுட்டாங்க?" என்றார். வருசா வருசம் நோம்பிக்குக் கெடா வெட்டிக் கூறு போடுகிறவர். சிக்கல் எங்கே இருக்கிறதென்று அவருக்குத்தான் உடனே பிடிபட்டது.

சுட்டது நானில்லை. எனக்கு லைசென்ஸும் கிடையாது, ஆசையும் கிடையாது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர், அறுபதை நெருங்குகிறவர், அக்டோபர் ஆனால் மலைக்குப் போய்விடுவார். அந்த வருசம் அவருடைய கூட்டாளிக்கு முழங்கால் ஆபரேஷன். அதனால் என்னையும் சென்னிமலைக்கார நண்பர் ஒருவரையும் சுமை தூக்கக் கூப்பிட்டார். கூலி, கறியில் ஒரு பங்கு. துப்பாக்கி சீசனில் வேட்டைக்காரர் இடுப்புக்கு மேலே குறைந்தது 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சோ பிங்க்கோ போட வேண்டும், தலையிலும் அதே நிறம் என்பது அங்கே சட்டம். எங்களுக்கும் ஆளுக்கொரு ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிவிட்டார்.

எல்க் நம் கடமானுக்குச் சொந்தம்தான். நன்றாக வளர்ந்த ஆண் 300 கிலோ தாண்டும். ஒரு காங்கேயம் பசுவின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் போன மலை 3,000 மீட்டருக்கு மேலே. ஊட்டி தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். சும்மா கைவீசி நடந்தாலே அங்கே மூச்சு வாங்கும்.

மான் நின்ற இடம் நல்ல புல்வெளி. அடி வாங்கியதும் சரிவில் இறங்கி, சாய்ந்த மரங்கள் அடைத்துக் கிடந்த ஒரு பள்ளத்துக்குள் போய் விழுந்துவிட்டது. இதை மாமாவிடம் விளக்கினேன். "அடிபட்டது மேட்டுக்கா ஏறும்? பள்ளத்துக்குத்தான் ஓடும். அது தெரியாமயா அத்தன வருசமாப் போறாரு?" என்றார். என்னிடம் பதிலில்லை.

அடுத்து அவர் கேட்டது, "ஜீப்பு போகாதா?" போகாது. அந்தக் காடு 1964-இல் வந்த ஒரு சட்டத்தின் கீழ் காப்பாற்றப்படுகிற காடு. மோட்டார் வண்டி கூடாது, சைக்கிள் கூடாது, இரண்டு சக்கரம் வைத்த தள்ளுவண்டிகூட உள்ளே வரக்கூடாது. குதிரை போகலாம், ஒட்டக இனத்து லாமா போகலாம், மனுசன் முதுகு போகலாம். குதிரைக்காரரை முன்கூட்டியே பேசி வைத்திருக்கவில்லை. மிச்சம் இருந்தது எங்கள் முதுகுதான்.

கருக்கல் கட்டிவிட்டது. ஆளுக்கொரு லைட்டை நெற்றியில் கட்டிக்கொண்டு இறங்கினோம். போய்ச் சேர்ந்ததும் அவர் முதலில் எடுத்தது கத்தியை அல்ல, பேனாவை. லைசென்ஸோடு வரும் சீட்டில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகுதான் தோலில் கை வைத்தார்.

நம்மூரில் கெடா வெட்டினால் தலைகீழாகத் தொங்கவிட்டு உரிப்போம், குடலை எடுப்போம், பிறகு துண்டம் போடுவோம். 300 கிலோவை எந்தக் கிளையில் தொங்கவிடுவது? படுத்த வாக்கிலேயே வேலை. வயிற்றைத் திறக்கவே இல்லை. முதுகுத்தண்டை ஒட்டி நெடுக ஒரு கீறல், அங்கிருந்து வயிற்றுப் பக்கமாகத் தோலை உரித்து இறக்கினார். முன்னங்கால் சுலபம். அங்கே எலும்புக்கு எலும்பு மூட்டே இல்லை; சதையும் ஜவ்வும்தான் பிடித்திருக்கிறது. காலைத் தூக்கிப் பிடித்து அடியில் கத்தியை ஓட்டினால் முழுசாகக் கையோடு வந்துவிடும். பின்னங்கால் அப்படியில்லை. நண்பர் குளம்பைத் தோளில் முட்டுக் கொடுத்து மேலே தள்ளிப் பிடித்திருக்க, இவர் இடுப்பெலும்பை ஒட்டியே கத்தி நுனியைக் கொண்டுபோய்ப் பந்துமூட்டைத் தேடினார். உள்ளே ஒரு வெள்ளை நார், விரல் தடிமன். அதை அறுத்ததும் டொப்பென்று மூட்டு கழன்று, முழுப்பாரமும் நண்பர் மேல் சாய்ந்தது. "ஏனுங்க, புடிங்க, புடிங்க!" என்று கத்தினார். வெள்ளைக்காரருக்கும் அது புரிந்தது.

பிறகு முதுகோரம் நீளமாக ஓடும் சதை, கழுத்துக் கறி. புரட்டிப் போட்டு மறுபக்கமும் அதே வேலை. கடைசி விலா எலும்புக்குப் பின்னால் கையை விட்டு உள்பக்கச் சதையைத் தடவி எடுப்பதுதான் கடைசி. வயிறு அதற்குள் உப்பியிருக்கும். கத்தி கொஞ்சம் தவறினாலும் நாற்றம் கறியில் ஏறிவிடும்.

இவ்வளவு அவசரமும் சூட்டுக்காகத்தான். வெளியே தண்ணீர் பாட்டிலில் ஐஸ் கட்டுகிற குளிர். ஆனால் அந்தத் தோலும் ரோமமும் உள்சூட்டை வெளியே விடாது. தொடையின் நடுவில், எலும்பை ஒட்டிய இடம் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், அங்கிருந்துதான் கெட ஆரம்பிக்கும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், எலும்போரம் வெட்டினால் புளித்த வாடை. அதனால் பின்னங்கால்களில் எலும்புவரைக்கும் நெடுகக் கீறி விட்டார். காற்றுப் போகிற துணிப்பையில் போட்டு, குடலும் கூடும் கிடந்த இடத்திலிருந்து தள்ளி, நிழல் விழும் ஊசியிலை மரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது, வேர்த்துப் போய்விடும். தள்ளிக் கட்டியது கரடிக்காக. கொலராடோவில் இருப்பது கருங்கரடி மட்டும்தான் என்று அவர் தைரியம் சொன்னார். அந்த இருட்டில் நிறம் யாருக்கு வேண்டும்?

சுமை என்பது அலுமினியச் சட்டம் வைத்த பை. எலும்போடு ஒரு பின்னங்கால் 30 கிலோ வரும். பாரம் முதுகெலும்பை ஒட்டி, தோள் உயரத்தில் இருக்க வேண்டும். கீழே தொங்கினால் ஒவ்வொரு அடிக்கும் ஆளைப் பின்னால் இழுக்கும். தேங்காய்க் களத்தில் மூட்டை தூக்கி வளர்ந்தவன் நான், ஆனால் அது சமதளம். இங்கே வண்டு அரித்துச் செத்த மரங்கள் குறுக்கும் நெடுக்குமாக இடுப்புயரத்துக்குக் கிடக்கின்றன. தாண்ட முடியாது, குனிந்து நுழையவும் முடியாது, ஏறி உட்கார்ந்து காலைத் திருப்பிப் போட்டு இறங்க வேண்டும், முதுகில் தொடையோடு. இரண்டாவது சுமையிலேயே எலும்பை உருவிவிட்டுக் கறியை மட்டும் கட்டினோம். அப்படிப் பார்த்தால் மொத்தமே 100 கிலோ சுற்றித்தான் தேறும். விடிந்து, மறுநாள் பொழுது சாய்கிறவரைக்கும் இதே நடை. கொம்பு கடைசியாகத்தான் வந்தது. அந்த மனுசர்மேல் எனக்கு மரியாதை வந்தது அதில்தான். நாலு காலும் முதுகுச் சதையும் உள்சதையும் விட்டுவிட்டு வந்தால் அங்கே அபராதம் உண்டு, லைசென்ஸும் போகலாம். ஆனால் பள்ளத்துக்குள் யார் வந்து எண்ணப் போகிறார்கள்? அவர் சட்டம் கேட்காத கழுத்துக் கறியையும் சேர்த்துக் கட்டினார். யூடியூபில் பாருங்கள், மான் விழுந்ததும் பாட்டுப் போட்டு முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதானே வேலையே இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, "அண்ணா, சத்தி காட்டுக்கு ஒரு ட்ரிப் போலாமா?" என்று தம்பிமார் யாரும் மெசேஜ் போட வேண்டாம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கடமானைச் சுட்டால் ஜெயில். அந்தக் காடு 2013-லிருந்து புலிகள் காப்பகம் வேறு. கொலராடோவில் சீசனும் சீட்டும் வைத்துக் கணக்குப் பார்த்துச் சுட விடுகிறார்கள். இங்கே இருக்கிற மிச்சம் மீதி இருந்துவிட்டுப் போகட்டும்.

மாமாவுக்கு ஆறாத ஒரே விசயம் ஈரல். உள்ளுறுப்பு எதுவும் சட்டக் கணக்கில் கறி கிடையாது, விட்டுவிட்டு வரலாம். "குடலு, ஈரலு, ரத்தம், தலை, எல்லாத்தையும் காட்டுல போட்டுட்டு, கறி கொண்டாந்தேன்ங்கறே" என்று சலித்துக்கொண்டார். தலையை விடவில்லை, பரிசோதனைக்குக் கொடுத்தோம் என்றேன். மான் இனத்துக்கு அங்கே ஒரு மூளை நோய் வருகிறது; 1967-இல் கொலராடோவிலேயே ஃபோர்ட் காலின்ஸில் வளர்ப்பு மான்களிடம் முதலில் கண்டது. மருந்து இல்லை. மனுசருக்கு இதுவரை தொற்றியதாகக் கண்டுபிடிக்கவில்லை, இருந்தாலும் நோய் இருந்தால் தின்ன வேண்டாம் என்கிறார்கள். தொண்டைப் பக்கத்து நிணநீர்க் கட்டியை எடுத்துச் சோதிப்பார்கள். முடிவு வரும்வரை எங்கள் பங்கு ஃப்ரீசரில் கிடந்தது. நல்லபடியாக வந்தது.

சமைக்கும்போது மேலே ஒட்டிய கொழுப்பைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஆறினதும் மெழுகாக அண்ணத்தில் ஒட்டும். சதைக்குள்ளே கொழுப்பே கிடையாது, ஆட்டுக்கறிக் கணக்கில் வேகவிட்டால் நார் நாராகிவிடும். கால்கறியை மட்டும் குக்கரில் விட்டோம். மற்றதைச் சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, நல்லெண்ணெய் போட்டுப் பள்ளிபாளையம் பாணியில் புரட்டி எடுத்தோம். மசாலாப் பொடி எதுவும் வேண்டாம்.

மீந்த கழுத்துக் கறியில் நண்பர் வீட்டில் உப்புக்கண்டம் போட்டார்கள். உப்பும் மஞ்சளும் தடவி, கோணி ஊசியில் கோத்து, அபார்ட்மெண்ட் பால்கனியில் கயிறு கட்டிக் காயவிட்டார்கள். டென்வர் காற்றில் ஈரமே கிடையாது, வெயிலும் சுள்ளென்று அடிக்கும், நன்றாகக் காய்ந்துகொண்டு வந்தது. அதற்குள் கீழ்வீட்டார் புகார் கொடுத்து, அபார்ட்மெண்ட் ஆபீஸிலிருந்து லெட்டர் வந்துவிட்டது. மிச்சத்தைக் குளியலறையில் ஃபேன் போட்டுத்தான் காயவைத்தார்கள்.