எந்தக் கதைக்குச் சான்று கேட்கிறோம்: ஒரு சமூக அறிவியல் நாட்குறிப்பு

ஜூன் 18

பாடக்குறிப்பேடு எழுதத் தொடங்கும் நேரம். ஆசிரியரின் சாதி, மதம், ஊர், வீட்டு மொழி எல்லாம் வரலாற்று வகுப்பில் எங்கே தெரியும்? பெரும்பாலான ஆசிரியர்கள் வகுப்பில் தன் சாதியைப் புகழ்ந்து ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. 45 நிமிடப் பாடவேளையில் யாருக்கு 20 நிமிடம் கொடுத்தோம், யாரை "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டினோம் என்பதில் அது தெரிந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்கச் செலவு ஒன்றும் இல்லை. போனை மேசையில் வைத்துத் தன் பாடத்தைத் தானே ஒலிப்பதிவு செய்யலாம். அன்று மாலையே கேட்டு, ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு எழுத வேண்டும்: பாடத்தில் பேசப்பட்ட ஆள் அல்லது சமூகம், எடுத்துக்கொண்ட நிமிடம், சொன்ன உதாரணம், கேள்வி கேட்டது எந்த வரிசைப் பிள்ளையிடம். எழுதி முடித்ததும் பதிவை அழித்துவிடுவது நல்லது. பிள்ளைகளின் குரலும் அதில் இருக்கிறது.

ஒரே ஒரு பாடவேளையை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. அன்றைய பாடமே ஒருவரைப் பற்றியதாக இருக்கலாம். ஒரு பாடம் முழுவதும் முடியும்வரை பதிவு செய்தால்தான் சாய்வு தெரியும். இந்தத் தாளைத் தலைமையாசிரியர் கேட்டு வாங்கக் கூடாது. ஆய்வுக்குக் காட்டும் ஆவணமாக மாறிய மறுநாளே அது பொய்த் தாளாகிவிடும்.

ஜூலை 3

ஏழாம் வகுப்பில் சோழர் பாடம். இங்கே சாதியைவிடத் தமிழ்ப் பெருமிதம் முன்னே வந்து நிற்கும். உத்திரமேரூர்க் குடவோலையை (குடத்தில் ஓலை போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் முறை) "உலகின் முதல் தேர்தல்" என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் முடிப்பதுதான் வழக்கம். பெருமைப்பட அங்கே நிறைய இருக்கிறது, ஆனால் கல்வெட்டை முழுதாகப் படித்துவிட்டுப் பெருமைப்பட வேண்டும்.

முதல் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, கி.பி. 919, 921. இரண்டாவது சொல்லும் தகுதிகள்: கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவை) மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி. ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (உரைநூல்) கற்றவருக்கு அதில் பாதி, அரைக்கால் வேலியே போதும். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் (சபையின் குழு) இருந்தவர் நிற்க முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. ஊழலைத் தடுக்க இவ்வளவு நுட்பமாக யோசித்த அதே சபை, பிராமண நிலக்கிழார்களின் சபை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்.

இதற்குச் செயல்பாடாக "நம்ம வகுப்பில் யார் பெயர் ஓலையில் ஏறும்?" என்று கேட்கும் பழக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். இரண்டு நிமிடத்தில் பிள்ளைகள் ஒருவர் சாதியை இன்னொருவர் விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். பதிலாக எட்டு அட்டைகள் தயாரிக்கலாம், எல்லாம் பத்தாம் நூற்றாண்டுக் கற்பனை மனிதர்கள்: இரண்டு வேலி வைத்திருக்கும் வேளாளர், 33 வயது வேதம் கற்றவர், தறி நெய்பவர், நிலமுள்ள கைம்பெண், கணக்குக் காட்டாதவரின் உறவினர், அரைக்கால் வேலியும் பாஷ்யமும் உள்ளவர், போன ஆண்டு ஏரி வாரியத்தில் இருந்தவர், உழவுக்கூலி. குழுவுக்கு ஓர் அட்டை. தகுதிப் பட்டியலைப் பலகையில் எழுதிவிட்டு, தங்கள் அட்டைக்காரர் நிற்க முடியுமா, முடியாவிட்டால் எந்த வரியால் தடை என்று அவர்களே சொல்லட்டும். எட்டில் தேறுவது ஒருவர்தான். ஏன் என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வரும்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் இதே முறைதான். விமானத்தின் உயரத்தைச் சொல்லும்போதே, அதன் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று பிரித்து எழுதியிருப்பதையும் சொல்ல வேண்டும். கோயிலோடு வளர்ந்த ஆசிரியர் முதலாவதில் நின்றுவிடுவார். கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட குடும்பத்தில் வந்தவருக்கு இரண்டாவதே கண்ணில் படும். பிள்ளைக்கு இரண்டும் வேண்டும்.

ஜூலை 29

பத்தாம் வகுப்பில் தொடக்ககால எதிர்ப்புகள் பாடத்தை ஆகஸ்டுக்குள் முடித்துவிடுவது தென்மாவட்டங்களில் நல்லது. செப்டம்பர் 11 பரமக்குடி (இம்மானுவேல் சேகரன்), அக்டோபர் 30 பசும்பொன் (முத்துராமலிங்கத் தேவர்) நினைவு நாள்களை ஒட்டிய வாரங்களில் தெருவில் கட்டியிருக்கும் பேனர் வகுப்புக்குள்ளும் வந்துவிடும். பாடம் அதே பாடம்தான், ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூலையிலிருந்து கைதட்டல் வரும்.

ஆகஸ்ட் 6

இந்தப் பாடத்தில் வரும் பெயர்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்று ஒரு சாதிச் சங்கம் உரிமை கொண்டாடுகிறது. பூலித்தேவர், ஒண்டிவீரன், வேலு நாச்சியார், குயிலி, கட்டபொம்மன், மருது சகோதரர்கள், தீரன் சின்னமலை. ஆசிரியரின் அடையாளம் இங்கே மிகவும் நுட்பமாக வேலை செய்கிறது, அதுவும் சான்று என்ற பெயரில். தன் சமூகத்துத் தலைவருக்கு வாய்மொழிக் கதை போதும், பக்கத்துச் சமூகத்துத் தலைவருக்கு ஆவணம் எங்கே என்று கேட்போம். கேட்கிறோம் என்பதே நமக்குத் தெரியாது. ஒண்டிவீரனையும் குயிலியையும் "அதெல்லாம் செவிவழிச் செய்தி" என்று ஒதுக்குகிற அதே வகுப்பில், வேறொருவரின் வசனம் வரலாறாக ஓடும்.

தீர்வு ஒரே அளவுகோல். பலகையில் அட்டவணை போட்டு எல்லாப் பெயர்களையும் இடப்பக்கம் எழுத வேண்டும். மேலே ஐந்து தலைப்பு: இடமும் ஆண்டும், கிழக்கிந்தியக் கம்பெனியோடு என்ன தகராறு, உடன் நின்றவர், கம்பெனிக் கடிதங்களில் உண்டா, வாய்மொழியிலும் கதைப்பாடலிலும் உண்டா. கடைசி இரண்டையும் எல்லாருக்கும் நிரப்பியே ஆக வேண்டும். அப்போது தெரியும், கட்டபொம்மனுக்கும் இரண்டு வகையும் கலந்தே இருக்கின்றன. 1798இல் கலெக்டர் ஜாக்சன் கேட்ட கிஸ்தி (வரி) பாக்கி, அந்தச் செப்டம்பரில் ராமநாதபுரம் ராமலிங்க விலாசச் சந்திப்பு, 1799 அக்டோபர் 16 கயத்தாறில் தூக்கு ஆகியவை ஆவணத்தில் உள்ளவை. பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும் வீர வசனம் மேடையிலிருந்தும் திரையிலிருந்தும் வந்தது. வாய்மொழியைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. எழுதும் உரிமை இல்லாதவர்களின் நினைவு அதில்தான் தங்கியிருக்கிறது. எது எந்த வகை என்று பெயரிட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"கட்டபொம்மன் தமிழரா சார்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். அது வீட்டிலிருந்து வரும் கேள்வி, அதட்டக் கூடாது. தெலுங்கு பேசிய குடும்பம் என்று நேராகச் சொல்லிவிட்டு, "உடன் நின்றவர்" கட்டத்துக்கு அழைத்துப் போகலாம். வேலு நாச்சியார் எட்டு ஆண்டுகள் திண்டுக்கல் அருகே விருப்பாட்சியில் கோபால நாயக்கரின் பாதுகாப்பில் இருந்தார். ஹைதர் அலி படை தந்தார். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரைக்கு மருது சகோதரர்கள் அடைக்கலம் கொடுத்தார்கள். பெயர்களைச் சுற்றி வட்டம் போட்டு, உதவியவரிடமிருந்து உதவி பெற்றவருக்குக் கோடு இழுத்தால், கோடுகள் எல்லாச் சமூகங்களுக்கும் குறுக்கே ஓடுவதைப் பிள்ளைகளே பார்ப்பார்கள். ஹைதர் அலிக்குக் கோடு இழுக்காமல் விட்டுவிடுகிற வகுப்புகள் உண்டு. அதையும் ஒலிப்பதிவுத் தாள் காட்டிக்கொடுக்கும்.

மருது சகோதரர்கள் வெளியிட்ட 1801 ஜூன் திருச்சிராப்பள்ளி அறிக்கைக்கு ஒரு முழுப் பாடவேளை கொடுக்கலாம். பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான்கள் என்று எல்லாரையும் விளித்து, திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் சுவரிலும் ஒட்டிய அறிக்கை அது. "யாரை அழைக்கிறது?" என்று கேட்டபின், "இந்த வரிசையில் பெயர் சொல்லி அழைக்கப்படாதவர் யார்?" என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்வி எந்த ஆசிரியர் வாயிலிருந்து எளிதாக வருகிறது, யாருக்குத் தயங்குகிறது என்பதைக் கவனித்தாலே போதும்.

ஆகஸ்ட் 21

பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொன்ன, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கையை ஆசிரியர் அறைகளில் இன்னும் கூடுதலாகப் பேச வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு அமைத்த குழு அது, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிறுக்குத் தடை என்பது மட்டும் செய்தியானது. ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராகவோ கல்வி அலுவலராகவோ நியமிக்க வேண்டாம், ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும் என்ற பரிந்துரைகளும் அதில் உண்டு.

இடமாறுதல் தேவைதான். ஆனால் பஸ் ஏறும்போது ஆசிரியர் தன் உதாரணங்களை ஊரில் விட்டுவிட்டு வருவதில்லை. புதிய ஊரில் யாருக்கு எது புண்படும் என்பதும் அவருக்குத் தெரியாது. பி.எட். வகுப்பில் பாடம் நடத்திக் காட்டும்போதே ஒரு பயிற்சி மாணவர் நடத்த, இன்னொருவர் அந்த நான்கு கட்டத் தாளை நிரப்பும் பழக்கம் வர வேண்டும்.

இதோடு சேர்ந்த ஒரு அநியாயம். அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், 1932 பூனா ஒப்பந்தம், தீண்டாமையை ஒழிக்கும் சட்டப்பிரிவு 17 என்று வரும்போது, "அதை அவரே எடுக்கட்டும், நல்லா எடுப்பார்" என்று தலித் ஆசிரியரிடம் தள்ளிவிடுவது. மரியாதைபோலத் தெரியும் இது, அரசியல் சட்டத்தை ஒரு சமூகத்தின் சொந்த விஷயமாகப் பிள்ளைகள் முன் ஆக்கிவிடுகிறது. அவர் கொஞ்சம் அழுத்திப் பேசினால் "சாதி பேசுகிறார்" என்ற புகாரும் அவர் தலையில்தான் விழும். அந்தந்தப் பிரிவின் ஆசிரியரே எடுக்க வேண்டும். பாடவேளையை மாற்றிக்கொள்வதானால் எல்லாப் பாடங்களையும் சுழற்சியில் மாற்றிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 2

காலாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் எழுதும்போது ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டியது: பெயர் சொல்லிக் கேட்ட வினாக்களில் எத்தனை பேர், எந்தெந்தச் சமூகம், எத்தனை பெண்கள். எல்லா ஐந்து மதிப்பெண் வினாவும் ஒருவருக்கே போயிருந்தால், ஆண்டு முழுவதும் சொன்ன சமத்துவத்தைப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். திருத்தும்போது, "குயிலியைப் பற்றி எப்படி அறிகிறோம்?" என்பதற்கு வாய்மொழி மரபு என்று எழுதினால் முழு மதிப்பெண். "கட்டபொம்மனைப் பற்றி எப்படி அறிகிறோம்?" என்பதற்குக் கம்பெனிக் கடிதம், கதைப்பாடல் இரண்டையும் எழுதினால்தான் முழு மதிப்பெண். இந்த விடைக்குறிப்பைப் பத்தாம் வகுப்பின் எல்லாப் பிரிவு ஆசிரியர்களும் திருத்தத் தொடங்குமுன் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும்.